வெள்ளைப் பாவு

பீரோவின் கடைசித் தட்டையும் உருவித் தரையில் கவிழ்த்தாள் வனிதா.

இல்லை.

இரண்டு பழைய போர்வைகள், பாச்சை உருண்டை, போன வருஷத்துக் குருத்தோலையில் மடித்த சிலுவை. அவ்வளவுதான். தலையணை உறையைக் காணோம். தலையணை உறைக்குள் இருக்க வேண்டிய புடவையையும் காணோம்.

"மா, கெடச்சுதா?"

வாசற்படியில் ஜெசி. மருதாணி காயாத இரண்டு கைகளையும் போலீஸ் பிடித்த திருடி மாதிரி உயரத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கெடைக்கும். நீ போய் ஃபேனுக்குக் கீழ ஒக்காரு."

"ஆறு மணிக்கு ஃபாதர் மந்திரிக்கணுமே?"

"எனக்குத் தெரியாதா? போடின்னா!"

ஜெசி போய்விட்டாள். வனிதா கவிழ்த்துக் கொட்டியதை மறுபடி ஒவ்வொன்றாக உதறினாள். போர்வைக்குள் புடவை ஒளிந்துகொள்ளுமா என்ன? ஆனாலும் உதறினாள்.

விடிந்தால் ஜெசிக்குக் கல்யாணம். போளூரில் எத்தனையோ மண்டபம் இருக்க, 'பெரியம்மா கும்பிட்ட கோயில்லதான் தாலி கட்டிப்பேன்' என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதால் எல்லோரும் ஆரணிக்கு வந்திருந்தார்கள். இன்று மாலை ஜெபத்தில் தாலியையும் கல்யாணப் புடவையையும் பீடத்தில் வைத்து ஃபாதர் மந்திரித்துக் கொடுப்பார். மாப்பிள்ளை ஆன்சன் வீட்டார் தாலியோடு கிளம்பிவிட்டதாக போன் வந்தாகிவிட்டது. தட்டு தயார். பூ தயார். புடவைதான் இல்லை.

புடவையை யாரும் வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அது ஆரோக்கியசெல்வியின் பீரோவில், தலையணை உறைக்குள், எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கும் என்றே நினைத்திருந்தார்கள்.

ஆரோக்கியசெல்வி வனிதாவின் அக்கா. அம்மா செத்த பிறகு வனிதாவுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். ஊருக்கு அவள் டீச்சர். தை மாதத்தில் ஒருநாள் காலைப் பூசை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் மட்டும் முழங்காலில் இருந்தாள். வழக்கமாகவே கடைசியில் எழுகிறவள் என்பதால் யாரும் அருகே போய்ப் பார்க்கவில்லை. கதவைச் சாத்த வந்தவர்தான் தோளைத் தொட்டார்.

அப்படிப்பட்ட சாவு.

அந்தப் புடவை அக்காவின் கல்யாணப் புடவை. பால் வெள்ளைப் பட்டு. விரல் அகல ஜரிகைக் கரை. உடம்பில் ஒரு புட்டா கிடையாது. அதைக் கட்டிக்கொண்டுதான் பிலவேந்திரன் மாமாவுக்குக் கழுத்தை நீட்டினாள். மாமா சீக்கிரமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. வேறொருத்தியாக இருந்தால் அந்தப் புடவையைப் பெட்டியில் பூட்டி, வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து அழுதிருப்பாள். அக்கா அழுதாள், ஆனால் பூட்டவில்லை. சபையில் ஒரு ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடி, வெள்ளைப் பட்டுக்கு எங்கே போவது என்று அவளுடைய அம்மா கோயில் வாசலில் மூக்கைச் சிந்தியபோது அக்கா சொன்னாளாம்:

"ஒரு நாள் சமாச்சாரத்துக்கு ஆளுக்கொரு புடவை எதுக்குடி? என்னுது பீரோல தூங்கிகினு கெடக்குது. வந்து எடுத்துக்கினு போ."

அன்றைக்குத் தொடங்கியது. ஆரணிப் பெண், தேசூர்ப் பெண், சந்தவாசல் பெண். நிச்சயம் ஆனதும் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அக்கா அந்தப் பெண்ணைப் பக்கத்தில் முழங்காலில் நிறுத்தி ஜெபமாலையில் பத்து மணி உருட்டிச் சொல்ல வைப்பாள். பிறகு தலையில் கை வைத்து, புடவையைக் கையில் கொடுப்பாள். கட்டி முடிந்ததும் பாலிஷ் போட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒரே நிபந்தனை, யாருடைய புடவை என்று வெளியே சொல்லக் கூடாது. யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊருக்கே தெரியும்.

எல்லோரும் கட்டினார்கள். ஒருத்தி மட்டும் கட்டவில்லை.

வனிதா.

அவள் கல்யாணத்தன்று சந்தவாசலில் அப்பன் இல்லாத ஒரு பெண்ணுக்கும் கல்யாணம். அதே காலை. அக்கா யோசிக்கவே இல்லை. "உனக்குப் புதுசு வாங்க நான் இருக்கறேன். அவளுக்கு யாருடி இருக்கறா?" என்று கடைப் புடவை ஒன்றை வனிதா கையில் வைத்துவிட்டாள். வனிதா அதைக் கட்டிக்கொண்டு, கல்யாண போட்டோ முழுக்க உர்ரென்று நின்றாள். அதற்கப்புறம் ஆயுசு பூராவும் குத்திக் காட்டினாள். "ஊருக்கெல்லாம் புடவை. கூடப் பொறந்தவளுக்குக் கடைத் துணி." ஒவ்வொரு முறையும் அக்கா சிரித்துக்கொண்டே ஒன்றைத்தான் சொல்வாள். "உன் பொண்ணுக்குத் தரேன்டி. அவ கேக்கறதுக்கு முன்னாடியே தரேன். போதுமா?"

அந்த வாக்குதான் இப்போது காலி பீரோவாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"வனிதா..." பிலிப் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அவள் புருஷன். ஏதாவது தப்பாகச் சொல்லப் போகும்போதெல்லாம் காதைச் சொறிவார். இப்போது சொறிந்தார். "ஒருவேளை... அக்காவுக்கே அதக் கட்டி அனுப்பிட்டாங்களோ?"

வனிதா உதறிய போர்வையைக் கீழே போட்டாள்.

இந்தச் சபையில் அந்த வழக்கம் உண்டு. கல்யாணப் புடவை பத்திரமாக இருந்தால், போகும்போது அதையே கட்டி அனுப்புவார்கள். சேதி கேட்டு வனிதா போளூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது அக்காவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. கழுத்து வரைக்கும் வெள்ளை வலைத் துணி. அதன் மேல் பூ. அந்த முகத்தைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

போனை எடுத்தாள். அன்றைக்கு அக்காவைக் குளிப்பாட்டியவள் மரியாயின் சேனைத் தலைவி மார்த்தாம்மா.

"மார்த்தாக்கா, நான் வனிதா. அக்காவுக்குக் கடைசியா எந்தப் புடவை கட்டுனீங்க?"

"இன்னாடி இது, கல்யாணத்துக்கு மொத நாளு கேக்கற கேள்வியா?"

"சொல்லுங்கக்கா. வெள்ளப் பட்டா?"

"நாங்களும் அதத்தான் தேடுனோம். பீரோல இல்ல. அப்புறம் மாதா திருநாளுக்குக் கட்டுவாங்களே, ஊதாக் கரை, அதக் கட்டி அனுப்புனோம். உன்கிட்டயே கேக்கணும்னு இருந்தேன். நாங்க எல்லாம் இன்னா நெனச்சோம்னா... கோச்சிக்காத..."

"இன்னா நெனச்சீங்க?"

"நீதான் முன்னாடியே எடுத்துக்கினு பூட்டேன்னு நெனச்சோம். உனக்குத்தான் அது மேல கண்ணாச்சே."

வனிதா பல்லைக் கடித்தாள். "எனக்குக் கண்ணு இருந்துச்சு. கை போவல."

"அப்ப ஜெயவேலு கடையில கேளு. பாலிஷுக்கு அங்கதான் போடுவாங்க. வாங்காமயே இருக்கும்."

பிலிப் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஜெயவேலின் கடை கொசப்பாளையத்தில் ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகை. பட்டுப் புடவையைக் கஞ்சி காட்டி உருளையில் சுற்றி இழுத்து மொடமொடவென்று ஆக்கித் தருவது தொழில். கூடவே பேச்சு. கை நின்றாலும் நிற்குமே தவிர அவன் வாய் நிற்காது.

"வாங்கக்கா! பொண்ணுக்குக் கல்யாணமாமே. பத்திரிக்கையே வெக்கல. பரவால்ல, சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

"ஜெயவேலு, அக்கா புடவை உன்கிட்ட இருக்குதா?"

உருளை நின்றது. வாயும் நின்றது. அதுவே பெரிய சேதி.

"அது வூட்டுல இல்லியா?"

"இல்ல."

ஜெயவேல் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "போன மழைக் காலத்துல டீச்சரே வந்தாங்க. தொப்பலா நனைஞ்சுகினு. புடவைய மட்டும் பிளாஸ்டிக் கவருல சுத்தி நெஞ்சோட அணைச்சுகினு வந்தாங்க. கொடை எங்க டீச்சர்னேன். வழியில ஒருத்தி நனைஞ்சா, குடுத்துட்டேன்னாங்க. அது தெரிஞ்ச சங்கதிதான். ஆனா அன்னிக்கு ஒரு அவசரம். ஜல்தியா போடு, காலைல வேணும்னாங்க. யாருக்கு டீச்சர் கல்யாணம், ஒன்னும் காதுல வுழலியேன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'ரொம்ப நாளா காத்துகினு இருக்கற பொண்ணுடா. இனிமே தாங்காது'ன்னாங்க."

பிலிப் காதைச் சொறிந்தார். "தாங்காதா? ஓடிப்போற கேசா?"

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். பேஜாராப் போயிடும்னு என் சம்சாரத்துகிட்ட கூட வாயத் தொறக்கல. நான்! யோசிச்சுப் பாருங்க." ஜெயவேல் தன் தியாகத்தைத் தானே ஒரு கணம் வியந்தான். "அந்த வாரம் கோயில்ல ஒரு கல்யாணமும் நடக்கல. எங்கனா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டி வெச்சிருப்பாங்களோ இன்னாவோ. புடவை மட்டும் திரும்பி பாலிஷுக்கு வரவே இல்லக்கா."

"எடுத்துக்கினு எந்தப் பக்கம் போனாங்க?"

"வேணுகோபால் அண்ணன் வூட்டுப் பக்கம். கையில மல்லிப்பூ வேற."

வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும் வனிதாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாரோ ஒருத்தி. ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு ஓடுகாலி. ஜெசிக்கென்று வாக்குக் கொடுத்ததைத் தூக்கி அவளிடம் கொடுத்தாயே அக்கா! அன்றைக்குச் சந்தவாசல்காரி, இன்றைக்கு இவள். உன் வீட்டு ஆள் என்றால் மட்டும் உனக்கு எப்போதும் கடைசியா?

இரண்டு தெரு தாண்டுவதற்குள் கோபம் இளகிவிட்டது. அக்கா மேல் வந்த கோபம் அவளிடம் என்றைக்குத் தங்கியிருக்கிறது?

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த வீட்டில் நின்றது ஞாபகம் வந்தது. அக்காவின் ஞாபகமாக ஏதாவது ஒன்றை எடுத்துப் போகலாம் என்று தேடினாள். கைக்கடிகாரம், அது பரீட்சைக்குப் போன ஒரு பெண்ணின் கையில். மூக்குக் கண்ணாடி, பவர் ஒத்துப்போகிறது என்று பக்கத்து வீட்டுக் கிழவருக்கு எப்போதோ போய், அக்கா பழைய கண்ணாடியில் நூல் கட்டிப் போட்டிருந்தாள். குக்கர் மாதா சபையில். அறுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த ஒரு மனுஷியின் வீட்டில் அவள் வாசனை ஒட்டியிருக்கிற ஒரு பொருள் இல்லை. ஜெப புத்தகம் இருந்தது. அதைச் சேனையில் புதிதாகச் சேர்ந்தவள் கேட்க, அக்காவே எழுந்து வந்து கொடுத்தது போலத் தன் கையே நீண்டு கொடுத்துவிட்டது.

பீரோவை மட்டும் அன்றைக்குத் திறக்கவில்லை; அதில் இருப்பது ஜெசிக்கு. அந்தப் புடவை ஒன்றுதான் மிச்சம். அதில் அக்கா இருக்கிறாள். நாளைக்கு ஜெசி அதைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது, கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் முந்தானையை ஒரு தடவை மூக்கருகில் பிடித்துக்கொள்ள வேண்டும். மாதக் கணக்காக வனிதா மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது கல்யாணத்தை அல்ல, அந்த ஒரு நொடியை.

வேணுகோபாலின் தெருவில் விசைத்தறிகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. அவர் வீட்டில் மட்டும் கைத்தறி. அக்காவின் புடவையை நெய்தவர் அவர்தான். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே ஒரு அடி வைத்த வனிதா அப்படியே நின்றுவிட்டாள்.

தறியில் வெள்ளைப் பாவு. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் அத்தனையும் வெள்ளை.

ஆரணியில் பிறந்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். அரக்கு ஏறும், மாம்பழ மஞ்சள் ஏறும், கிளிப்பச்சை ஏறும். முழு வெள்ளைப் பாவை எவனும் தறியில் ஏற்ற மாட்டான்.

"வந்துட்டியா வனிதா!" வேணுகோபால் தறிக் குழியிலிருந்து எழுந்தார். "நானே கொண்டாரணும்னு கெளம்பிகினு இருந்தேன். கரையில சின்ன வேலை ஒன்னு இழுத்துகிச்சு. அபிதா, அதக் கொண்டா!"

அவர் மனைவி அபிதகுசாம்பாள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளை வேட்டியில் பொதிந்த ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தாள். வனிதா பிரித்தாள். பால் வெள்ளை. விரல் அகல ஜரிகைக் கரை. உடம்பில் ஒரு புட்டா இல்லை.

"ஆண்டவரே..." கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடனே கையை இழுத்தாள்.

பட்டு விறைப்பாக இருந்தது. எத்தனையோ பெண்களின் உடம்பு பட்டுப் பட்டுக் குழைந்த புடவை அல்ல இது. அவசரமாக முந்தானையை உதறினாள். அக்காவின் புடவையில் முந்தானை ஓரம் ஒரு மெழுகுக் கறை உண்டு. அக்கா தன் கல்யாணத்தன்று மெழுகுவர்த்தி பிடித்தபோது சொட்டியது. எந்த பாலிஷுக்கும் போகாது. கட்டுகிற பெண்கள் எல்லாம் அதை உள்பக்கமாக மடித்துக்கொள்வார்கள்.

கறை இல்லை.

"இது அக்காது இல்ல."

"டீச்சர் சொன்னதுதாம்மா."

"அண்ணே, இது அக்கா கட்டினது இல்ல!"

வேணுகோபால் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் பாவைக் காட்டினார்.

"மழை வுட்டதும் டீச்சர் வந்தாங்க. 'வேணு, அதே மாதிரி வெள்ளையில ஒன்னு நெய்து குடு'ன்னாங்க. முடியாது டீச்சர்னுட்டேன். ஒரு பாவு போட்டா மூணு புடவை வரும். ஒன்னு உங்களுக்கு. மத்த ரெண்டையும் எவ தலையில கட்டறது? எங்க ஆளுங்க கல்யாணத்துக்கு வெள்ளையத் தொடுவாங்களா? கேட்டதும் டீச்சர் சிரிச்சாங்க. 'மூணும் எனக்கேதான்'னாங்க."

"மூணு எதுக்கு?"

"நானும் அதான் கேட்டேன். 'என்கிட்ட ஒன்னே ஒன்னு இருந்ததாலதான் வேணு, என் தங்கச்சி கல்யாணத்துக்கு இல்லன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அவ போட்டோவப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்குது. இனிமே ஒரே நாள்ல மூணு பேரு வந்து நின்னாலும் ஒருத்தியையும் வெறுங்கையா அனுப்ப மாட்டேன்'னாங்க. மொதல் புடவை வனிதா பொண்ணுக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான் தறியில ஏத்தறதுக்குள்ள..." அவர் பாவில் ஒட்டியிருந்த தூசி ஒன்றை ஊதினார். "வெள்ளையில ஒரு தூசி வுழுந்தாலும் காட்டிக் குடுத்துடும். பக்கத்துல டீ டம்ளரக் கூட வெக்க வுடல நான். நல்லா வந்துகீதா, பாரு."

வனிதாவால் பார்க்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. போட்டோவில் உர்ரென்று நின்ற அந்த முகத்தை அக்கா இத்தனை வருஷமும் சுமந்திருக்கிறாள். குத்திக் காட்டும்போதெல்லாம் சிரித்தாளே!

வெளியே பிலிப் ஹாரன் அடித்தார்.

"சரி, கெளம்பு. நேரமாவுது," என்றாள் அபிதகுசாம்பாள்.

"ஜெசிக்கு இது போதும் அண்ணி. இத விட இன்னா வேணும்? எனக்குப் பழசு வேணும்." வனிதா தன் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா புடவைய எடுத்துக்கினு இந்தப் பக்கம்தான் வந்தாங்கன்னு ஜெயவேலு சொன்னான். யாருக்குக் குடுத்தாங்க?"

வேணுகோபால் மனைவியைப் பார்த்தார். அவள் தறியைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும். தெரியாமலா அதே மாதிரி இன்னொன்னு நெய்யச் சொன்னாங்க?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்கம்மா."

"நான் வெளி ஆளா?"

"அதில்ல. நல்ல காரியத்துக்கு மொத நாளு..." அபிதகுசாம்பாள் இழுத்தாள். "கல்யாணம் முடியட்டும். அப்பால ஒரு நாளு வா, நானே சொல்றேன்."

"யாரு ஓடிப்போயிருந்தாலும் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன் அண்ணி. சத்தியமா. அவ வூட்டு வாசல்ல போய் நிக்கறேன். கால்ல வுழணும்னாலும் வுழறேன். திருப்பி வாங்கிக்கறேன். எனக்கு அக்காவோடதுன்னு ஒரு சாமான் இல்ல அண்ணி. ஒரு கர்ச்சீப் கூட இல்ல. எல்லாத்தையும் குடுத்துட்டா. ராத்திரியில அவ மாதிரி வாசனை வருதான்னு தலகாணிய மோந்து பாத்துகினு கெடக்கறேன். எனக்கு அது மட்டும் போதும்."

அப்போது கோயிலில் முதல் மணி அடித்தது. ஜெபத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் என்று ஊருக்குச் சொல்கிற மணி. பிலிப் இரண்டாம் முறை ஹாரன் அடித்தார்.

அபிதகுசாம்பாள் மணி ஓயும்வரை காத்திருந்தாள்.

"இப்ப ஸ்விட்சு போட்டா அடிச்சுக்குது. முன்னாடி அதக் கயிறு புடிச்சு இழுத்தது யாரு, சொல்லு?"

"அம்மணி."

யாருக்குத்தான் மறக்கும்? கோயிலைப் பெருக்குகிறவள். மணி அடிக்கிறவள். மணமக்கள் முழங்காலில் நிற்கத் திண்டு போடுகிறவள். மற்ற நேரத்தில் இந்த வீட்டில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிறவள். குட்டையான, மாறுகண் உடைய, எப்போதும் யாருடையதோ பழைய ரவிக்கையில் இருந்த அம்மணி. எல்லாக் கல்யாணத்திலும் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. நடத்தி வைக்கவும் யாரும் இல்லை. வனிதாவின் கல்யாணத்துக்கும் அவள்தான் மணி இழுத்தாள். போன வருஷம் அக்கா போனில், "அம்மணி நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாடி," என்றது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் அக்கா சொல்லவில்லை. வனிதாவும் கேட்கவில்லை.

"டீச்சரோட கல்யாணப் புடவைக்கு இந்த வூட்டுல தார் சுத்தினது அவதான்," என்றாள் அபிதகுசாம்பாள். "அப்ப சின்னப் பொண்ணு. இதே எடம். வெள்ளப் பட்டத் தொடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கையக் கழுவிக் கழுவி வருவா."

வனிதா மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"மழையில படுத்தா. ஆஸ்பத்திரியில பாத்துட்டு, வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுங்கன்னுட்டாங்க. இங்க பின்னால இருக்கற ரூம்புலதான் கெடந்தா. டீச்சரு காலைலயும் சாயங்காலமும் வந்து கஞ்சி ஊட்டுவாங்க, ஜெபம் சொல்லுவாங்க. ஒரு நாளு, 'உனக்கு இன்னாடி வேணும் அம்மணி, ஆண்டவர்கிட்ட கேக்கற மாதிரி கூச்சப்படாம கேளு'ன்னாங்க. அவளுக்குச் சிரிப்பு. அப்புறம் சொன்னா. 'அதுக்குத் தார் சுத்தினேன் டீச்சர். கட்டிகினு போற பொண்ணுங்க எல்லாருக்கும் மணி அடிச்சேன். நான் ஒரு வாட்டி கட்டிப் பாக்கலியே'ன்னா."

வேணுகோபால் எழுந்து போய் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மறு நாளு காலைல உங்க கோயில் சாமியாரு அவளுக்கு நன்மை, அதான் பூசையில குடுக்கற அப்பம், கொண்டாந்தாரு. அதுக்கு முன்னாடியே நானும் டீச்சருமா தொடச்சி வுட்டு, அதக் கட்டி, செவுத்துல சாய்ச்சு ஒக்கார வெச்சோம். தலை நெறைய மல்லிப்பூ. கண்ணாடி காட்டுன்னா. காட்டினேன். சாமியாரு வாசப்படியிலயே நின்னுட்டாரு, உள்ள வரவே இல்ல கொஞ்ச நேரம். அவ நன்மை வாங்கிகினா. மத்தியானம் மூச்சு நின்னுது."

"அண்ணி..."

"அடுத்த பொண்ணுக்கு வேணுமே, அவுத்துடலாம்னு நான்தான் கொசுவத்துல கைய வெச்சேன். டீச்சரு என் கையப் புடிச்சுகினாங்க. 'வுடு அபிதா. இது வரைக்கும் கட்டினவ எல்லாம் திருப்பிக் குடுத்துட்டா. இவ ஒருத்தியாவது வெச்சிக்கட்டும்'னாங்க. மேல ஒரு வெள்ளத் துணியப் போத்தி, யாரும் பாக்கறதுக்குள்ள பொட்டிய மூடிட்டோம். அம்மணி அதக் கட்டிகினுதாம்மா உள்ள படுத்துகினு இருக்கறா."